பொன்மணல் நகரின் குலுக்கல் சீட்டு

பொன்மணல் நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் கோதண்டராமன் ஒரு விஞ்ஞானி. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் ஊழியர்களை ஏற்றி இறக்கும் பேருந்துப் பிரிவில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்தத் தெருமுனைக்கு வரவேண்டும் என்று அட்டவணை போட்டார், வண்டிகளும் வந்தன. ஓய்வு பெற்று, மாமல்லபுரத்துக்கு வெளியே பூஞ்சேரிப் பக்கம் இந்த நகரில் வீடு கட்டிக் குடிவந்த முதல் வாரத்திலேயே யாரோ அவரை 'சயின்டிஸ்ட் சார்' என்று கூப்பிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. இப்போது ஆண்டு விழா பேனரில் 'அறிவியல் செம்மல்' என்றே அச்சாகிறது.

அதே நகரில் இன்னொரு சங்கமும் இருந்தது. நாலாவது தெருவில் அமிர்தவல்லி அம்மாள் வீட்டு மாடியில், கரையோரப் பெண்கள் சங்கம். பாலியல் தொழிலாளிகள் தாங்களே சேர்ந்து, தாங்களே பதிவு செய்து, தாங்களே நடத்துவது. செங்கல்பட்டு பஸ் நிலையத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை தொழில் செய்கிற பெண்கள் பகலில் வந்து போவார்கள். ஒரு குளியலறை, மொட்டை மாடியில் துணி துவைக்க ஒரு கல், பையை வைத்துப் பூட்ட ஒரு பீரோ, புதன்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வரும் நர்ஸ், மதியம் இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாமல் தூங்க நாலு பாய். காலை எட்டுக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள். தவறாமல் வருகிறவர்கள் பதினெட்டுப் பேர்.

தலைவி கன்னியம்மா. வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷத் தொழில். கொஞ்ச காலமாக அதைவிட அதிகமாகச் செய்வது வகுப்பு எடுப்பது. போலீஸ்காரர்களுக்கு, நர்சிங் மாணவிகளுக்கு, பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு. 'எங்களைப் பார்த்தால் எப்படிப் பேச வேண்டும்' என்பதுதான் பாடம். சுருக்கமாகச் சொன்னால் மற்றவர்களிடம் பேசுவது போலப் பேச வேண்டும். இதைப் புரியவைக்க மூன்று மணி நேரமும் ஒரு டீ இடைவேளையும் தேவைப்பட்டது.

பெண்கள் சங்கத்தைக் காலி செய்யச் சொல்லி நலச் சங்கம் இதுவரை மூன்று மனு எழுதியிருந்தது. மூன்றிலும் கையெழுத்து கோதண்டராமன். 'குறிப்பிட்ட வகைப் பெண்களின் நடமாட்டம்' என்று ஆரம்பிக்கும். எந்த வகை என்று எதிலும் குறிப்பிடவில்லை. முதல் குற்றச்சாட்டு, ஒரே மாடியில் பதினெட்டுப் பெண்களின் துணி உலர்வது நகரின் மாண்புக்கு ஏற்றதல்ல என்பது. மற்றக் குற்றச்சாட்டுகள் அதையே வேறு சொற்களில் சொல்லின.

வீட்டுக்காரி அமிர்தவல்லி அம்மாள் கெட்டவர் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மதுராந்தகத்துல இருக்கற என் தம்பி கேட்டாக்கூட லேடீஸ் ஹாஸ்டல்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். "ஆனா பதினோரு மாச அக்ரிமென்ட் இந்த மாசத்தோட முடியுது. ஞாயித்துக்கிழமை ஆண்டு விழாவுல பொதுக்குழு இருக்கு. காலி பண்ணச் சொல்லித் தீர்மானம் போட்டுட்டாங்கன்னா நான் அந்தத் தெருவுல எப்படி நடமாடறது? போடலைன்னா மறுநாளே உனக்குக் கையெழுத்து."

ஆறு வருஷத்தில் இது நாலாவது வீடு. செங்கல்பட்டில் இரண்டு, திருக்கழுக்குன்றத்தில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பீரோவை இறக்கி ஏற்றியதில் அதன் ஒரு கால் உடைந்து செங்கல்மேல் நின்றது. ஐந்தாவது வீடு தேடத் தெம்பு இல்லை என்று கன்னியம்மா யாரிடமும் சொல்லவில்லை. பதினெட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு காலையில் மொட்டை மாடியில் துணி பிழிந்துகொண்டிருந்த கன்னியம்மாவைப் பிரபா கூப்பிட்டாள். பதினெட்டில் ஒருத்தியான பிரபாவுக்கு முப்பது வயது. வாய் அதைவிடக் கொஞ்சம் மூத்தது.

"யக்கா, இங்க வந்து பாரு. இன்னிக்கு மஞ்சா."

எதிர்ப்பக்கம் கோதண்டராமன் வீட்டு மாடியில், தெருவைப் பார்த்த கொடியில், ஒரு மஞ்சள் சேலை தொங்கியது.

"நேத்து அரக்கு. முந்தாநேத்து மஞ்சா. ஆடி மாசத்துலருந்து இந்த ரெண்டேதான். காலீல மடிப்போட கொண்டாந்து போடறாரு. சாயங்காலம் அதே மடிப்புல எடுத்துகினு போறாரு. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

"தெரியும்."

"அவுரு சம்சாரம் வூட்லயே இல்லக்கா. பொட்டியோட ஆட்டோ ஏறினத நான் பாத்தேன். தெருவுல கேட்டா, முட்டி வலி, மேல படுத்துகினு கீதுன்றாரு."

"அதும் தெரியும்."

"அப்ப இன்னா? ஞாயித்துக்கெழம மைக்குல ஒரே வார்த்த கேளு. 'சார், வூட்ல அம்மா சொகமா கீறாங்களா'ன்னு. மனுவ மடிச்சி முழுங்கிடுவாரு."

கன்னியம்மா நைட்டியை உதறிக் கொடியில் போட்டாள். "ஏண்டி, இருவத்திரெண்டு வருசமா எத்தினி பேரு இன்னா இன்னா கொட்டிகீறான் எங்கிட்ட. ஒருத்தன் பேரு வெளிய வந்திச்சா?"

"அவனுங்க கஸ்டமரு. இவுரு இன்னா?"

"இவுரு பக்கத்து வூட்டுக்காரரு. அவுரு கொடில கைய வெச்சி நம்ம வூட்ட காப்பாத்திக்க வேணாம்."

"காலி பண்ணச் சொன்னா?"

"பீரோவுக்கு இன்னொரு செங்கல் பாத்து வெய்யி."

பொதுக்குழுவில் கன்னியம்மா பேசுவதற்கு ஏற்பாடு செய்தது ஹரிப்ரியா. நலச் சங்கத்தின் கலாசாரச் செயலாளர். சிறுசேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மனிதவளத் துறை. 'அனைவரையும் உள்ளடக்குவது எப்படி' என்று அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு வந்திருந்தாள். ஓட்டெடுப்புக்கு முன் 'அவங்க வாய்ஸையும்' கேட்க வேண்டும் என்று வாதாடினாள். கோதண்டராமன் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஒருவரைக் கேட்காமல் வெளியேற்றுவதைவிடக் கேட்டுவிட்டு வெளியேற்றுவது கௌரவமாக இருக்கும்.

முந்தின நாள் ஹரிப்ரியா ஒரு கறுப்பு முகக்கவசத்தோடு மாடிக்கு வந்தாள்.

"மேம், உங்க ஐடென்டிட்டியை நாங்க ப்ரொடெக்ட் பண்றோம். ஸ்டேஜ்ல இதைப் போட்டுக்கோங்க. பேனர்லயும் பேர் போடலை. 'ஒரு சகோதரி'ன்னு போட்டிருக்கு."

"எனக்குப் பேரு கீதும்மா."

"தெரியும் மேம். ஆனா ஸ்டிக்மா இருக்கே."

"அது எனக்கில்லியே, ஒங்க ஜனங்களுக்குத்தான கீது. மாஸ்க்க அவங்களுக்குக் குடு."

ஹரிப்ரியா சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்தது சரியா என்று யோசித்தாள். பயிற்சியில் அதைச் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தின் வாசலில் பேனர். கோதண்டராமன் முகம் ஜன்னல் அளவு. கீழ் மூலையில் கறுப்பு நிழலாக ஒரு பெண்ணின் தலை, 'ஒரு சகோதரி'. அதன் பக்கத்தில் முதல் பரிசான வெட் கிரைண்டர். அதன் முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொன்மணல் நகரில் ஆண்டு விழா என்றால் குலுக்கல். இல்லாவிட்டால் வரவேற்புரையிலேயே கூட்டம் வீட்டுக்குப் போய்விடும். பன்னிரண்டு வருஷமாக இந்தப் பொறுப்பு துணைச் செயலாளர் லட்சுமணனுடையது. அவர் இரவெல்லாம் உட்கார்ந்து வெள்ளைத்தாளைச் சமமாகக் கத்தரிப்பார். சீட்டில் பெயரும் பிளாட் நம்பரும் எழுதி, நாலாக மடித்து வைத்திருக்க வேண்டும். அவர் எவர்சில்வர் அண்டாவோடு வரிசை வரிசையாக வருவார்; போட வேண்டும். இந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், அந்த நகரில் யார் கையிலாவது ஒரு வெள்ளைச் சீட்டைக் கொடுத்தால் என்ன ஏது என்று கேட்காமல் மேலே பெயரையும் பிளாட் நம்பரையும் எழுதிவிடுவார்.

இது கன்னியம்மாவுக்குத் தெரியாது. அவளை இதற்கு முன் யாரும் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டதில்லை.

பிரபாவைப் பின்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, முகக்கவசம் இல்லாமல் மேடையேறினாள். "வணக்கம். என் பேரு கன்னியம்மா. பேனர்ல போட மறந்துட்டாங்க. நான் பாலியல் தொழிலாளி. நாலாவது தெரு மாடியில தெனம் துணி காயப்போடறது நாங்கதான்."

முன்வரிசையில் ஒருவர் அவசரமாகச் செல்போனைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

அழுகைக் கதை வரும் என்று கைக்குட்டையோடு வந்திருந்த சிலருக்கு ஏமாற்றம். அவள் கதை எதுவும் சொல்லவில்லை. ஒரு விளையாட்டு விளையாடலாம் என்றாள். "போலீஸ்காரங்களுக்கே செஞ்சிகீறோம். யாருக்கும் ஒண்ணும் ஆவல." ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் வேண்டும் என்றதும், ஹரிப்ரியா ஓடிப்போய் மேஜைமேல் தயாராக இருந்த லட்சுமணனின் சீட்டுக்கட்டை எடுத்து விநியோகித்தாள். லட்சுமணன் அப்போது பின்கட்டில், சாப்பாட்டுப் பந்திக்கு இலை போதுமா என்று சமையல்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

"ஒங்கள பத்தி ஒரு விசயம். யாருக்கும் சொல்லாதது. தெரிஞ்சா தெருவுல தல நிமிந்து நடக்க முடியாதுன்னு நெனைக்கறது. அத எழுதுங்க. நாலா மடிங்க. வலது பக்கத்துல கீறவங்க கைல குடுங்க. அவங்க தொறக்கக்கூடாது. நீங்க திருப்பிக் கேக்கக்கூடாது. அஞ்சு நிமிசம். அப்புறம் ஒங்க சீட்டு ஒங்க கைக்கு வரும், நீங்களே கிழிச்சிப் போட்டுடலாம்."

பெயர் எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இதுவரை சொல்லத் தேவைப்பட்டதில்லை. போலீஸ்காரர்கள் சொல்லாமலே எழுதமாட்டார்கள். எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் தொழில்.

முன்வரிசையில் கோதண்டராமன் பேனாவைத் திறந்தார். வாழ்நாளில் எந்தப் படிவத்தையும் பொய்யாக நிரப்பியிராதவர் அவர். பெயர், பிளாட் எண், தேதி வரை எழுதினார். பிறகு வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வரி எழுதி, மடித்து, வலது பக்கத்து பெஞ்சமினிடம் கொடுத்தார். கொடுத்த கை உடனே திரும்பவில்லை.

"இப்ப எதுவும் பேச வேணாம். வயித்துல இன்னா பண்ணுதுன்னு மட்டும் பாத்துகினு இருங்க" என்றாள் கன்னியம்மா.

கோதண்டராமனுக்கு என்ன பண்ணியதோ, ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டார். "ஒரு சிறு குறுக்கீடு. கிரைண்டர் நன்கொடையாளர் செங்கல்பட்டில் ரயில் பிடிக்க வேண்டியிருப்பதால் அவருக்கு இப்போதே பொன்னாடை." நன்கொடையாளர் மேடைக்கு வந்தார். பொன்னாடை வந்தது. புகைப்படக்காரர் எல்லோரையும் நகரச் சொன்னார். கன்னியம்மா கையில் யாரோ சந்தனத் தட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் லட்சுமணன் அண்டாவோடு உள்ளே வந்தார். கூடம் முழுக்கத் தன் சீட்டுகள், மடித்துத் தயாராக. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவர் விநியோகிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நெகிழ்ந்துபோனார். அண்டாவை நீட்டினார். போட்டார்கள்.

தன் ரகசியமாக இருந்தால் ஒருவரும் போட்டிருக்கமாட்டார்கள். கையில் இருந்தது பக்கத்து வீட்டுக்காரர் ரகசியம்.

கேமராவின் கடைசி வெளிச்சம் அணைவதற்குள் லட்சுமணன் மைக்கைப் பிடித்துவிட்டார். "சாப்பாடு ரெடி. நேரடியா குலுக்கலுக்குப் போயிடுவோம். மூன்றாம் பரிசு, ஃபிளாஸ்க்." கண்ணை மூடிக் கைவிட்டு ஒன்றை எடுத்தார். "பிளாட் எட்டு, பெஞ்சமின்."

கைதட்டல். தாளில் இன்னும் ஏதோ எழுதியிருந்ததால், எழுதியிருப்பதைப் படிப்பது தன் கடமை என்று நம்பிய லட்சுமணன் தொடர்ந்தார். "'காலையில் நான் வாக்கிங் போவதில்லை. கூட்டுரோடு கடையில் பரோட்டா சாப்பிடுகிறேன். சுகர் மாத்திரையைச் செடித் தொட்டியில் போட்டுவிடுகிறேன்.'"

கூடம் வெடித்துச் சிரித்தது. பெஞ்சமின் மனைவி மார்கரெட் எழுந்து நின்றார். "எட்டு மாசமா அந்த ஓட்ஸை யாருக்குக் கிண்டறேன் நான்?" பெஞ்சமின் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஒவ்வொருவராகத் தங்கள் உள்ளங்கையைப் பார்த்தார்கள். காலியாக இருந்தது. பிறகு வலது பக்கத்துக்காரரின் கையைப் பார்த்தார்கள். அதுவும் காலி. பிறகு எல்லோரும் அண்டாவைப் பார்த்தார்கள்.

"இரண்டாம் பரிசு, மிக்ஸி." லட்சுமணனுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "பிளாட் பதினாலு. அடடா, நம்ம சயின்டிஸ்ட் சார். கோதண்டராமன்." மேற்கொண்டு படிக்க மூக்குக் கண்ணாடியை மேலேற்றினார்.

கோதண்டராமன் மேடையிலேயே நின்றிருந்தார், பொன்னாடையின் ஒரு முனை இன்னும் கையில். முகத்தில் செம்மலும் இல்லை, தலைவரும் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு வயசான ஆள் மட்டும் இருந்தார்.

பின்வரிசையில் பிரபா எழுந்து நின்றாள். கையை அசைத்தாள்: படிக்கட்டும், வுடு. நாம ஒண்ணும் செய்யல, அவங்க ஆளே படிக்கறான்.

கன்னியம்மா அதைப் பார்த்தாள். அந்தச் சீட்டில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தோராயமாகத் தெரியும். ஒன்று மஞ்சள், இன்னொன்று அரக்கு. படித்துவிட்டால் மனு இல்லை, தீர்மானம் இல்லை, ஐந்தாவது வீடு இல்லை. சந்தனத் தட்டைக் கீழே வைத்தாள். லட்சுமணன் வாயைத் திறந்தபோது அவள் உள்ளங்கை சீட்டின்மேல் இருந்தது.

"வுடுங்கண்ணாத்த."

"குலுக்கல்மா இது."

"இது குலுக்கல் இல்ல. கைய எடுங்க."

சீட்டைப் பார்க்காமலே மடித்தாள், இருந்த மடிப்பிலேயே. அண்டாவில் போட்டாள். மைக்கை வாங்கினாள்.

"வயித்துல இன்னா பண்ணுதுன்னு கேட்டேன். இப்ப சொல்லுங்க."

முன்வரிசையில் செல்போன் தேடியவர் அதை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நான் இந்த மாதிரி ஆவும்னு நெனைக்கல. என் தப்பு, பேரு எழுதாதீங்கன்னு சொல்லியிருக்கணும். பரோட்டா சாரு மன்னிச்சிக்கோங்க. ஆனா இப்ப ஒங்களுக்கு ஆவுது பாருங்க, அதான் நாங்க. ஒங்கள பத்தின ஒரே ஒரு விசயம், பேரோட, அட்ரஸோட, அடுத்தவன் கைல. நீங்க நல்லா சமைப்பீங்க, புள்ளய படிக்க வெச்சிகீறீங்க, யாருக்கோ ரத்தம் குடுத்துகீறீங்க. அதெல்லாம் சீட்டுல இல்ல. ஒங்களுக்கு இது நாலு நிமிசம். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போனா, பள்ளிக்கூடத்துக்குப் போனா, வூடு கேக்கப் போனா, எங்களுக்கு முன்னாடி இந்தச் சீட்டு போயி நிக்குது."

பிரபாவைக் கூப்பிட்டாள். பிரபா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூலையிலிருந்த தண்ணீர் கேனைத் தூக்கி வந்து அண்டாவில் கவிழ்த்தாள். கன்னியம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, முழங்கை வரை கைவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சீட்டுகளை மாவு பிசைவது போலப் பிசைந்தாள். மை கரைந்து தண்ணீர் நீலமானது. கூழாகும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பந்தியில் பாயசம் ஆறுகிறது என்று சமையல்காரர் வந்து சொன்னபோதுகூட.

"அப்ப கிரைண்டர்?" என்றார் லட்சுமணன்.

விதி விதிதான். சாப்பாட்டுக்கு முன் தீர்மானத்தை எடுத்தாக வேண்டும். பொன்மணல் நகரில் சங்கடமான தீர்மானங்களை மட்டும் சீட்டெழுதித்தான் முடிவு செய்வார்கள். யார் யாரை வெளியேற்றினார் என்பது தெரியாமலிருப்பது நல்லுறவுக்கு நல்லது. லட்சுமணன் மிச்சமிருந்த சீட்டுகளோடு வரிசையாகப் போனார். முதல் வரிசையில் ஒருவரும் கை நீட்டவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் அந்த வெள்ளைத் தாளைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசி வரிசை வரை போய், போன கட்டோடு திரும்பினார்.

"அப்படியானால் கை தூக்கலாம்" என்றார் கோதண்டராமன். "காலி செய்யச் சொல்லும் தீர்மானத்தை ஆதரிப்பவர்கள்."

மின்விசிறிகள் சுற்றின. அண்டாவின் பக்கத்தில் ஈரக் கையோடு கன்னியம்மா நின்றிருந்தாள். ஒருவர் கையைத் தூக்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அதைத் தலைமுடிக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். பெஞ்சமின் இரண்டு கையாலும் ஃபிளாஸ்க்கைப் பிடித்திருந்தார்.

"இந்தப் பொருள் அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது" என்றார் தலைவர்.

ஆதரித்து ஒருவரும் பேசவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

வாசலில் அமிர்தவல்லி அம்மாள் வாழைப்பழத்தோடு வந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு வாம்மா. கையெழுத்து போட்டுடலாம். பதினோரு மாசம்."

வழியெல்லாம் பிரபா புலம்பினாள். "'இருந்துட்டுப் போங்க'ன்னு ஒருத்தன் வாயத் தொறக்கலியேக்கா. தள்ளி வெச்சிகீறானுங்க. அவ்ளோதான். இதுக்கா அத்தினி தண்ணிய தூக்கினேன்?"

"பதினோரு மாசம்டி. செங்கல்பட்டுல ஏழுதான் குடுத்தாங்க."

மறுநாள் மதியம் ஒரு மணிக்குக் கோதண்டராமன் மாடிப்படி ஏறி வந்தார். மூன்று மனு எழுதியவர் அந்தப் படியில் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை. உள்ளே நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்ததால் கன்னியம்மா அவரை மொட்டை மாடிக்கே கூட்டிப்போனாள். இரண்டு நைட்டிகளுக்கும் ஒரு பாவாடைக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"படிச்சீங்களா?"

"இல்ல சார்."

"கையில வாங்கினீங்களே."

"மடிச்சித்தான் வாங்கினேன்."

"உண்மையைச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சார், படிச்சேன்னு சொன்னா ஒங்களுக்குத் தூக்கம் போயிடும். படிக்கலன்னா நம்ப மாட்றீங்க. நான் இன்னாதான் சொல்றது?"

அவர் தெருப் பக்கம் திரும்பினார். திரும்பியதில் நைட்டிகளுக்கு இடையே தன் வீட்டு மாடி தெரிந்தது. கொடியில் மஞ்சள் சேலை. வெயிலில் அதன் மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக, கடையில் பிரித்துக் காட்டியது போல. ஒரு கோடுகூடக் கலைந்திருக்கவில்லை. அட்டவணை போட்டுப் பழகிய கண். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது.

"இங்கேருந்து நல்லாத் தெரியுது" என்றார்.

"தெரியும் சார்."

"எப்பலேருந்து?"

"ஆடிலருந்து."

"எத்தனை பேருக்கு?"

"பதினெட்டு."

அவர் உதடு அசைந்தது. முதல் மனு ஆவணியில். இரண்டாவது ஐப்பசி. மூன்றாவது தை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"நாங்க சொல்ற ஆளுங்களா இருந்தா, இந்த ஜில்லாவுல பாதிப் பேருக்கு பேனரே கெடச்சிருக்காது சார்."

அவர் சேலையைப் பார்த்தபடியே பேசினார். "ஓசூர்ல பையன்கிட்ட இருக்கா. வரமாட்டேன்னுட்டா. சண்டை எதுவும் இல்ல. முப்பத்தஞ்சு வருஷம் டைம்டேபிள் மாதிரி இருந்தாச்சு, போதும்னா. நான் என்ன பதில் சொல்றது? தெருவுல கேப்பாங்க. தலைவர் வீட்டுலயே இப்படின்னு..."

"கஷ்டம்தான் சார்" என்றாள் கன்னியம்மா. சும்மா சொல்லவில்லை.

அவர் எழுந்தார். படியருகே போனவரைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. காயப்போடறதுன்னா ஒருவாட்டி தண்ணில முக்கிட்டுப் போடுங்க. காஞ்சதயே காயப்போட்டா துணி தொவைக்கறவங்க யாருக்கும் தெரிஞ்சிபூடும். இல்லாங்காட்டி போடாமலே வுட்டுடுங்க. அது ஒங்க இஷ்டம்."

அவர் தலையாட்டினார். இறங்கும்போது, தன் தோளில் பட்ட ஒரு நைட்டியை ஒதுக்கிவிட்டு, அது கொடியில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை எதிர்மாடியில் அரக்குச் சேலை சொட்டச் சொட்டத் தொங்கியது. புதன்கிழமை ஒரு வேட்டியும் இரண்டு பனியனும் மட்டும்.

"யக்கா, பாத்தியா?" என்றாள் பிரபா.

"அங்க இன்னா வேடிக்க? இங்க வா."

கன்னியம்மா தரையில் ஒரு சார்ட் தாளை விரித்து வைத்திருந்தாள். வியாழக்கிழமை நெம்மேலியில் மகளிர் குழுக்களுக்கு வகுப்பு. சீட்டு விளையாட்டின் விதிகளுக்குக் கீழே புதிதாக ஒன்றை, கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'பெயர் எழுத வேண்டாம். வீட்டு நம்பரும் வேண்டாம்.'

பிரபா குனிந்து படித்தாள். பேனாவை வாங்கி அதற்குக் கீழே இன்னொன்று எழுதினாள்: 'அண்டாவுடன் யாரும் உள்ளே வரக்கூடாது.'